பாம்புக்குத் தூளி கட்டிய வீதி

இதைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயந்துதான் இத்தனை நாள் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். ஆறாம் வகுப்புப் பாதியில் தறிக்கு நூல் தார் சுற்ற வந்துவிட்டவள் நான். ஒன்றை முதலிலிருந்து முடிவுவரை வரிசையாகச் சொல்ல யாரும் எனக்குக் கற்றுத்தரவில்லை. பாவாயி அக்கா சொன்னால் கேட்பவர்களுக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும், என் வீட்டுக்காரர் சொன்னால் இரண்டே வாக்கியத்தில் முடித்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார், நான் சொன்னால் எதையாவது விட்டுவிடுவேன், விட்டதை எடுக்கத் திரும்பிப் போவேன், அதற்குள் கேட்கிற நீங்கள் எங்கள் வீதிக்காரர்களைப் பைத்தியங்கள் என்று முடிவுகட்டிவிடுவீர்கள். அவர்கள் பைத்தியங்கள் இல்லை. அறுந்ததைப் பிணைத்துப் பிணைத்துப் பழகியவர்கள், அவ்வளவுதான்.

எங்கள் வீதி காவிரிக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. ஒரு பக்கம் வீடுகள், எதிர்ப்பக்கம் தகரக் கூரை போட்ட பட்டறைகள், பட்டறைகளில் மொத்தம் நாற்பது விசைத்தறிகள். பால் காய்ச்சும்போதும், பிள்ளைக்குத் தலை வாரும்போதும், சண்டை போடும்போதும், சண்டை முடிந்து சோறு போடும்போதும் தறி ஓடிக்கொண்டேயிருக்கும், தரை நடுங்கிக்கொண்டேயிருக்கும், டம்ளரில் வைத்த தண்ணீர் சின்னச் சின்ன வட்டம் போட்டுக்கொண்டேயிருக்கும். வெளியூரிலிருந்து வாழ வந்த பெண் முதல் மாதம் தலைவலி என்பாள், இரண்டாம் மாதம் கத்திப் பேசப் பழகுவாள், மூன்றாம் மாதம் தாய்வீட்டுக்குப் போனால் அந்த அமைதியில் தூக்கம் வராமல் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவாள்.

என் வீட்டுக்காரர் நாச்சிமுத்து அந்த நாற்பது தறிக்கும் மேஸ்திரி. எது நின்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். நான் இழை பிணைக்கிறவள். தறியில் நீளவாக்கில் ஓடுகிற பாவில் நூல் அறுந்தால் இரண்டு நுனியையும் தேடிப் பிடித்து விரலால் முறுக்கிச் சேர்க்கிற வேலை. எங்கள் பெண்கள் இருவரும் கல்யாணமாகி வெளியூர் போய்விட்டார்கள். அவர்கள் போன் பண்ணாவிட்டால் என்னவோ ஏதோ என்று பயப்படுவேன், போன் அடித்தால் அதைவிட அதிகமாகப் பயப்படுவேன். கேஸ் மூடினேனா, பூட்டை இழுத்துப் பார்த்தேனா, அவர் பட்டறையில் வழுக்கி விழுந்திருப்பாரா, இடி விழுமா என்று ஒரு நாளில் பயப்படுவதற்கு எனக்கு எப்போதும் ஏதாவது இருந்துகொண்டேயிருக்கும். "உன்ற விசனத்தைக் கோன்ல சுத்தி வெச்சா ரெண்டு தறிக்குப் பாவு ஓட்டலாம்" என்று பாவாயி அக்கா சொல்லுவாள். அவள் எங்கள் பக்கத்து வீடு. வீதியிலேயே வேகமாக இழை பிணைக்கிறவள், வீதியிலேயே சத்தமாகப் பேசுகிறவள்.

மாசி மாதத்தில் ஒரு நாள் காலை நூல் மூட்டை ஒன்றை அவிழ்த்தபோது உள்ளே ஒரு பாம்பு இருந்தது. முழங்கை நீளம், கட்டைவிரல் தடிமன், காய்ந்த மண் நிறம். என்ன பாம்பென்று இன்றுவரை யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. மூட்டை கட்டிய கயிறு அறுத்து அதன் முதுகில் காயம் இருந்தது. வீட்டுக்காரர் கட்டையை எடுக்கத் திரும்பினார். அது ஓடவில்லை, படமெடுக்கவில்லை, தன் உடம்பை உருண்டையாகச் சுருட்டி அதற்குள் தலையைப் புதைத்துக்கொண்டது. மழைக்கு இடி இடித்தால் நான் போர்வைக்குள் எப்படிப் புகுவேனோ அப்படியே இருந்தது அது. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பல்லிக்குப் பயப்படுகிற நான் அந்தப் பாம்பைப் புடவைத் தலைப்பில் ஏந்தி வீட்டுக்குக் கொண்டுபோனேன். என்னைவிட அதிகமாகப் பயந்த ஒரு உயிரை என் வாழ்நாளில் அதுவரை நான் பார்த்ததில்லை. அதன் முன்னால் நான்தான் தைரியசாலி. அந்த ருசி எனக்குப் புதிது.

நூல் கோன் வந்த அட்டைப்பெட்டி ஒன்றில் அதை வைத்துக் காயத்துக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்தபோது பாவாயி அக்கா பார்க்க வந்தாள், பாம்பைப் பார்த்ததும் கையிலிருந்த எவர்சில்வர் குண்டாவைக் கீழே போட்டாள். பாம்பு துள்ளிச் சுருண்டது. அந்த நொடியில் வீதியில் நாற்பது தறியும் நின்றன.

கரண்டு போகவில்லை, விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நாற்பது தறியிலும், ஒவ்வொரு பாவிலும் ஒரு சாண் அகலத்துக்கு, இழைகள் கத்தரித்தாற்போல் நேராக அறுந்திருந்தன. பட்டறைக்காரர்கள் வெளியே வந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள், பிறகு என் வீட்டுக்காரரைப் பார்த்தார்கள். அவர் நூல் மட்டமான சரக்கு என்றார், காற்றில் ஈரம் போதவில்லை என்றார், தரையெல்லாம் தண்ணீர் தெளிக்கச் சொன்னார். பெண்கள் உட்கார்ந்து பொழுது சாயும்வரை பிணைத்தோம்.

மறுநாள் ஒரு லாரி டயர் வெடித்தது, பாம்பு சுருண்டது, நூல் அறுந்தது. அதற்கடுத்த நாள் கல்யாண வீட்டு வெடிச்சத்தம், பாம்பு சுருண்டது, நூல் அறுந்தது. மூன்றாம் தடவை அறுந்ததும் அர்த்தநாரி அண்ணன் எங்கள் வாசலுக்கு வந்தார். எட்டுத் தறிக்குச் சொந்தக்காரர், வீதியில் எந்தப் பேச்சும் அவரிடம் போய்த்தான் முடியும். பெட்டியை எட்டிப் பார்த்தார், பட்டறையைத் திரும்பிப் பார்த்தார், "இது பயந்துச்சுன்னா நமக்கு நூல் அறுகுது" என்றார். மழை பெய்தால் நனைவோம் என்பதைப்போல்தான் சொன்னார், எல்லோரும் அப்படியேதான் கேட்டுக்கொண்டார்கள்.

கொண்டுபோய் ஆற்றோரம் விட்டுவிடலாம் என்று ஒருவர் சொன்னார். அங்கே ஒரு கீரி துரத்தினால் இங்கே அறுகுமே, கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இருந்தாலாவது சமாதானப்படுத்தலாம் என்றார் அண்ணன். அடித்துவிட்டால் என்ன என்று இன்னொருவர் மெதுவாகக் கேட்டார். என் வீட்டுக்காரர், "சாகறப்ப அது எவ்வளவு பயப்படும்னு ரோசனை பண்ணுங்க" என்றார். கேட்டவர் தன் தறி இருக்கிற பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

கடைசியில் அண்ணன் ஒரு கெடு வைத்தார். ஆடிப் பதினெட்டுக்குள் பாம்பைப் பயமில்லாமல் இருக்கப் பழக்கிவிட்டால் அது என்னிடமே இருக்கலாம். முடியாவிட்டால் மலையடிவாரத்தில் அவருக்குத் தெரிந்த ஒரு தோட்டக்காரரிடம் கொடுத்துவிட வேண்டும், அங்கே தறியும் இல்லை சத்தமும் இல்லை. தலையாட்டினேன். அன்றைக்கே அது போய்விட்டதைப்போல் பெட்டியை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டேன், பட்டறையில் இரண்டு தறி நின்றது.

இப்படித்தான் எங்கள் வீதி பாம்புக்கு வீடு கட்டத் தொடங்கியது.

முதல் தப்பு வேஸ்ட் நூலால் வந்தது. எங்களுக்கு எல்லாவற்றுக்கும் வேஸ்ட் நூல்தான். கை துடைக்க அது, விளக்குத் திரிக்கு அது, தலையணைக்குள் அது, பிறந்த குழந்தையைக் கிடத்தத் துணிக்கு அடியில் அது. பட்டறைக்கு ஒரு கைப்பிடி என்று எல்லோரும் மிருதுவாகப் பார்த்துக் கொண்டுவந்து பெட்டி நிறையப் போட்டார்கள். இரண்டாம் நாள் பார்த்தால் பாம்பின் உடம்பெல்லாம் நூல் சுற்றிச் செதிளுக்கு அடியில் இறங்கி இறுக்கிக்கொண்டிருந்தது. பாவாயி அக்காதான் பாம்பென்றும் பாராமல் மடியில் போட்டுக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு இழையாக நுனி தேடி எடுத்தாள். அவள் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்தது அன்றைக்கு மட்டும்தான். பாம்பும் பேசாமல் இருந்தது. நான் மட்டும் ஐயோ ஐயோ என்று அரற்றிக்கொண்டிருந்தேன், அன்றைக்கு முழுக்க நூல் அறுந்துகொண்டிருந்தது.

இரண்டாம் தப்பு அர்த்தநாரி அண்ணனால் வந்தது. மூடிய கடையொன்றிலிருந்து நாலு பக்கமும் கண்ணாடி வைத்த பலகாரப் பெட்டியை வாங்கி வந்து எங்கள் முன்னறையில் வைத்து, பாம்பு பயப்படுகிறதா என்று எல்லோரும் முறைபோட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். எல்லோரும் பார்த்தார்கள். வேலைக்குப் போகும்போது பார்த்தார்கள், வரும்போது பார்த்தார்கள், வேலையில்லாதவர்கள் நாற்காலி போட்டுப் பார்த்தார்கள், பயப்படாதே சாமி என்று கண்ணாடியைத் தட்டிச் சொன்னார்கள். பாம்பு மூலையில் மூக்கைத் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொண்டது. வைத்த எலிக்குஞ்சை அது தொடவேயில்லை. நாலு வாரமாகச் சாப்பிடவில்லை என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன், எண்ண எண்ண எனக்கும் சோறு இறங்கவில்லை.

மாட்டு டாக்டரம்மாவைக் கூட்டிவரலாம் என்று சொன்னது என் வீட்டுக்காரர். அந்த அம்மா வந்து பலகாரப் பெட்டியையும் சுற்றி நிற்கிற கூட்டத்தையும் பார்த்தார். மாடு என்றால் எனக்குத் தெரியும், ஆடு என்றாலும் தெரியும், இதைப் படித்ததோடு சரி என்று உள்ளதைச் சொன்னார். தன்னோடு படித்த ஒருவருக்குப் போன் போட்டுக் கேட்டுக் கேட்டு ஒரு சீட்டில் எழுதித் தந்தார். நூல் அறுகிற விஷயத்தைச் சொன்னபோது, "அதுக்கு என்கிட்ட ஊசி இல்லைங்க" என்று மட்டும் சொன்னார்.

சீட்டை நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். பெட்டிக்கு மூன்று பக்கம் மறைப்பு வேண்டும். உள்ளே ஒளிந்துகொள்ள ஒரு பொந்து வேண்டும், அது பெரிதாக இருக்கக்கூடாது, உடம்பு எல்லாப் பக்கமும் சுவரில் பட வேண்டும், பட்டால்தான் அதற்கு நிம்மதி. ஒரு ஓரம் வெதுவெதுப்பாகவும் ஒரு ஓரம் குளிர்ச்சியாகவும் இருக்க வேண்டும், எது வேண்டுமென்று அதுவே போய்க்கொள்ளும். தண்ணீர் கிண்ணம் வேண்டும். தரை அதிரக்கூடாது, அதற்குக் காதைவிட வயிற்றில்தான் கேட்கும். தட்டக்கூடாது. தூக்கக்கூடாது. அடிக்கடி போய்ப் பார்க்கக்கூடாது.

கடைசி வரியை நான் வேகமாகப் படித்துவிட்டுத் தாண்டிவிட்டேன்.

மரப்பெட்டி செய்தார்கள். மூன்று பக்கம் பலகை, ஒரு பக்கம் சின்னக் கம்பிவலை, வலைக்கு மேல் துணி. உள்ளே காய்ந்த தென்னை நார்த்தும்பு, வாய் உடைந்த ஒரு சட்டியைக் கவிழ்த்துப் பொந்து, ஒரு ஓரம் அடுப்புச் சுவரை ஒட்டி, மறு ஓரம் ஜன்னல் பக்கம். எல்லாம் சரியாக வந்தது, தரை அதிரக்கூடாது என்பதைத் தவிர. எங்கள் வீதியில் அதிராத தரைக்கு எங்கே போவது. யோசித்து யோசித்துப் பார்த்து, தொங்கவிட்டால் அதிராதே என்று பாவாயி அக்காவே சொன்னாள். தன் கல்யாணச் சீலை ஒன்றைக் கொண்டுவந்து, விட்டத்தில் முடிச்சுப் போட்டு, நாலு பெண்கள் சேர்ந்து பெட்டிக்குத் தூளி கட்டினோம். கட்டும்போது குலவை போடத் தொடங்கிய ஒருத்தியின் வாயை இன்னொருத்தி பொத்தினாள்.

அதிர்வு போய்விட்டது, கிண்ணத்துத் தண்ணீர் வட்டமில்லாமல் கண்ணாடிபோல் நின்றது. ஆனால் தூளியைப் பார்த்தால் எங்கள் கை சும்மா இருக்காது. பால்காரர் பாலை ஊற்றிவிட்டு ஒரு ஆட்டு ஆட்டினார். அர்த்தநாரி அண்ணன் என் வீட்டுக்காரரோடு தறியைப் பற்றிப் பேசிக்கொண்டே கயிற்றைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தார், தான் ஆட்டுவது அவருக்கே தெரியவில்லை. வந்தவர்கள் எல்லோரும் போகிறபோக்கில் தள்ளினார்கள், நானும் தள்ளினேன், உள்ளே பாம்பு குடித்த தண்ணீரை வாந்தி எடுத்தது. அதன்பிறகு பெட்டியின் அடியிலிருந்து தரைவரை நாலு மூலைக்கும் கயிறு கட்டி ஆடாமல் நிறுத்திவிட்டு, பால்காரரிடம் மட்டும் பாலை வாசலிலேயே வாங்கிக்கொண்டோம்.

வீதி முழுக்க ஒரு பழக்கத்துக்கு வந்தது. எங்கள் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளித்தான் குக்கர் வைத்தார்கள். கேஸ் சிலிண்டரை உருட்டாமல் தோளில் தூக்கி வந்தார்கள். மாப்பிள்ளை அழைப்பு சுற்றுவழியில் போனது. ஒரு சாவுகூட மேளமில்லாமல் போனது, செத்த பெரியவர் உயிரோடிருக்கும்போதே அதற்குச் சம்மதம் சொல்லியிருந்தார், எனக்குத்தான் கேட்காதே, பாம்புக்காவது கேட்காமல் இருக்கட்டும் என்று. யாரும் இதைச் சிரமமாக நினைத்ததாகத் தெரியவில்லை. பாம்பு எப்படியிருக்கிறது என்பதுதான் தண்ணீர் பிடிக்கிற பைப்படியில் முதல் பேச்சு.

ஆனியில் அது சாப்பிட்டது. எலிக்குஞ்சைக் காணோம், பாம்பின் வயிற்றில் ஒரு சின்ன மேடு. வீதியில் கேசரி கிண்டினார்கள். அதற்கப்புறம் இருபது நாள் ஒரு இழைகூட அறுகவில்லை. நான் தினமும் முப்பது தடவை துணியை விலக்கிப் பார்த்தேன், முப்பது தடவையும் அது நன்றாக இருந்தது, கெடு முடிய இன்னும் எத்தனை நாள் என்பதையே மறந்துவிட்டேன்.

ஆடி பத்தாம் தேதி துணியை விலக்கியபோது உள்ளே பாம்பு வெள்ளையாக, தட்டையாக, காற்றில் லேசாக ஆடிக்கொண்டு கிடந்தது. உயிரில்லாத உடம்பென்று நினைத்தேன். வெளியே நாற்பது தறியும் நின்றன, அந்தத் தடவை சாண் கணக்கில் இல்லை, பாவு முழுக்க அறுந்தது.

அது பாம்பு உரித்த சட்டை. சீட்டில் எழுதாததால் எனக்குத் தெரியவில்லை. பாம்பு சட்டிக்குள் புதுத் தோலோடு சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. டாக்டரம்மாவுக்குப் போன் போட்டால், சட்டை கிழியாமல் ஒரே துண்டாக வந்திருந்தால் அது நிம்மதியாக இருக்கிறது என்று அர்த்தம், நல்ல விஷயம் என்றார். பாவாயி அக்கா அந்தச் சட்டையைத் தாம்பாளத்தில் வைத்து வீடு வீடாகக் கொண்டுபோய்க் காட்டினாள். வீதிக்காரர்கள் அதைத் தறிக்காரர்கள் பார்க்கிறபடியே பார்த்தார்கள், வெளிச்சத்தில் பிடித்து ஓட்டை இருக்கிறதா என்று பார்த்தார்கள், நெருக்கம் பரவாயில்லை, ஓரம் இன்னும் கொஞ்சம் இறுக்கமாக இருக்கலாம் என்றார்கள். ஆனால் பாவெல்லாம் அறுந்து கிடந்தது. நாலு நாள் பிணைக்க வேண்டியிருந்தது. ஐந்தாம் நாள் அர்த்தநாரி அண்ணன் வந்தார்.

அவர் கடுமையாகப் பேசவில்லை. நாம் செய்ய வேண்டியதெல்லாம் செய்துவிட்டோம், அதற்கு இந்த வீடு ஆகவில்லைபோல என்றார். கெடுவுக்கு மூன்று நாள் இருக்கிறது, அதுவரைக்கும் பாவாயி வீட்டில் வைத்துப் பார்க்கலாம், அங்கேயும் அறுந்தால் மலைக்குக் கொடுத்துவிடலாம் என்றார். பெட்டியை அவிழ்த்துப் பக்கத்து வீட்டு விட்டத்தில் கட்டினார்கள். கடைசி முடிச்சைப் பாவாயி அக்காவிடம் விட்டுவிட்டேன்.

முதல் நாள் அங்கே போய்ப் பார்க்காமல் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். இரண்டாம் நாள் காலை பைப்படியில் குடத்தை வைத்துக்கொண்டு நிற்கும்போது பாவாயி அக்கா வீட்டுக்குள்ளிருந்து "அய்யய்யோ" என்று அலறினாள். பாம்புக்கு என்னவோ ஆகிவிட்டது என்று என் நெஞ்சு நின்றது, வீதியில் தறிகள் நின்றன, அந்த அமைதியில் என் குடம் நிறைந்து வழிகிற சத்தம் மட்டும் கேட்டது.

பாவாயி அக்கா வெளியே வந்தாள். கையில் கொதிக்கிற மிளகுச் சாறு கொட்டியிருந்தது, அதற்குத்தான் அலறியிருக்கிறாள். அலறிய கையோடு பெட்டியைத்தான் பார்த்திருக்கிறாள். பாம்பு கிண்ணத்தில் வாயை வைத்துத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்ததாம், தலையைக்கூடத் தூக்கவில்லையாம். அவள் நின்றுபோன பட்டறைகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், என் கை கழுத்துச் சரட்டைப் பிடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தாள்.

"சின்னமணி, நீயாடி?" என்றாள்.

அன்றைக்குத்தான் எல்லோரும் பின்னால் போய் யோசித்தார்கள். என் மூத்த பெண்ணுக்குப் பிரசவ வலி கண்ட அன்று ஆறு தறியில் அறுந்ததே, அதை நூல் மட்டம் என்றோம். என் வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் வந்த வாரம் தினமும் அறுந்ததே, அதை மேல்காற்று என்றோம். முன்னே எல்லாம் ஓர் இழை இரண்டு இழை, பாம்பு வந்தபிறகுதான் சாண் கணக்கு. யாரும் ஆச்சரியப்படவில்லை. கரண்டு எந்தக் கம்பத்தில் போயிருக்கிறது என்று கண்டுபிடித்த மாதிரி ஒரு தெளிவுதான் வந்தது முகங்களில்.

நான் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். என் வீட்டுக்காரர் வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"எனக்குத் தெரியும் புள்ளே. கண்ணாலமாயி மூணாம் நாளே தெரியும். அதனாலதான் தறி ஓட்டறதை உட்டுப்போட்டு மேஸ்திரி வேலை கத்துக்கிட்டேன்."

அப்படியானால் பாம்பின்மேல் பழி விழுந்தபோது ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். பாம்பென்றால் வீதி தாங்கும், மனுஷி என்றால் என்ன சொல்வார்களோ என்று அவருக்கும் பயம் இருந்திருக்கிறது. இருபத்தாறு வருஷத்தில் அவர் ஒரு பயத்தை ஒத்துக்கொண்டது அன்றைக்குத்தான்.

ஆடிப் பதினெட்டு அன்று எல்லோரும் ஆற்றில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு எங்கள் வாசலில் கூடினார்கள். அர்த்தநாரி அண்ணன் என் முகத்தைப் பார்க்காமல், மலையடிவாரத்துத் தோட்டத்தில் ஓர் ஆள் தங்குகிற மாதிரி சாளை வீடும் இருக்கிறது, பாம்பும் கூட இருக்கலாம், மேஸ்திரி வாரம் ஒரு நாள் போய் வரலாம் என்று தரையைப் பார்த்துச் சொன்னார். நான் என்ன துணி எடுத்துக்கொள்வது என்று யோசிக்கவே தொடங்கிவிட்டேன்.

"ஏனுங்ணா, ஒரு பாம்புக்கு அஞ்சு மாசம் நுனிக்கால்ல நடந்தோம். இவளுக்கு நடக்க மாட்டமா?" என்றாள் பாவாயி அக்கா. கையில் சாறு கொட்டின கட்டோடு நின்றாள். "பாம்பு நம்முளுக்கு ஒரு இழை பிணைச்சிருக்குதா? இவ பிணைச்சிருக்கறா."

அண்ணன் கொஞ்ச நேரம் காதில் நீர் எடுக்கிறவர்போலத் தலையைச் சாய்த்துக்கொண்டிருந்தார். பிறகு சரி என்றார்.

அடுத்து நடந்ததை யாரையும் குறை சொல்லாமல் சொல்ல வேண்டும், அவர்கள் அவ்வளவு அன்பாகச் செய்தார்கள். வீதி முழுக்க எனக்காக நடந்தது. என் பின்னால் வருகிறவர்கள் தொண்டையைக் கனைத்துவிட்டு வந்தார்கள். என் பெண்களுக்குச் சொல்லிக் காலை ஏழு மணிக்குத் தப்பாமல் போன் பண்ண வைத்தார்கள். நல்லாயிருக்கியா என்று பால்காரர் கேட்டார், குக்கர் வைக்கட்டுமா என்று அடுத்த தெருக்காரர்கள் ஆள் அனுப்பிக் கேட்டார்கள், நான் தும்மினால் பட்டறையில் தறியை நிறுத்தப் பொத்தானில் கை வைத்துக் காத்திருந்தார்கள். ஜன்னலில் ஒரு முகம், வாசலில் ஒரு முகம். பயமா இருக்குதா சின்னமணி, பயமா இருக்குதா? அந்தக் கேள்வியைக் கேட்கக் கேட்கப் பயமாக இருந்தது. ஒரு வாரத்தில் நாலு தடவை அறுந்தது. பிணைக்க உட்கார்ந்த பெண்கள் என்னைப் பார்த்துச் சிரித்தபடியே பிணைத்தார்கள், அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை.

அப்போதுதான் நான் சுவரில் ஒட்டியிருந்த டாக்டரம்மாவின் சீட்டுக்கு முன்னால் போய் நின்று, கடைசி வரியைத் தாண்டாமல் படித்தேன். படித்துவிட்டு யாரிடமும் கேட்காமல் செய்தேன்.

பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் ஓர் இடுக்கு இருந்தது, விறகு போட்டு வைத்திருந்த இடம். அதைக் காலி பண்ணிக் கழுவினேன். இரண்டு தோளும் இரண்டு பக்கமும் படுகிற அகலம். மணை போட்டேன், ஒரு சொம்புத் தண்ணீர் வைத்தேன், மேலே கயிறு கட்டிப் போர்வையைத் தொங்கவிட்டேன். அது அடுப்படிச் சுவர், முதுகுக்கு வெதுவெதுப்பாக இருந்தது. பிறகு வெளியே வந்து, பைப்படியில் எல்லோரும் இருக்கும்போது, தினமும் சோறு ஆக்கினபிறகு நான் அதற்குள் போய்விடுவேன், நானாக வரும்வரைக்கும் யாரும் கூப்பிடக்கூடாது, எட்டிப் பார்க்கக்கூடாது, எப்படியிருக்கிறேன் என்று கேட்கக்கூடாது என்று சொன்னேன். என் வாழ்க்கையில் கூட்டத்தில் நான் பேசிய முதல் பேச்சு அது, என் குரல் நடுங்கியது, ஆனால் பட்டறையில் ஒன்றும் நிற்கவில்லை. பாவாயி அக்கா என்னவோ கேட்க வாயைத் திறந்தாள், கையால் பொத்திக்கொண்டாள். பாம்புப் பெட்டி அவள் வீட்டிலேயே இருக்கட்டும் என்றும் சொன்னேன். அதைச் சொல்லும்போதுதான் அழுதேன். அது அங்கே நன்றாகத் தின்கிறது, அங்கே யாரும் தினம் முப்பது தடவை துணியை விலக்குவதில்லை. மாதம் ஒரு தடவை அமாவாசையன்று போய்ப் பார்த்துக்கொள்கிறேன், வெளியே வந்திருந்தால் பார்க்கிறேன், சட்டிக்குள் இருந்தால் அதுவும் சரி என்று வந்துவிடுகிறேன்.

உள்ளே உட்கார்ந்தால் முதலில் எல்லாப் பயமும் வரும், கேஸ் வரும், பூட்டு வரும், பெண்கள் வருவார்கள், அவர் வழுக்கி விழுவார். தோள் சுவரில் படும். தரையின் நடுக்கம் மணை வழியாக ஏறி வயிற்றில் டக்கட டக்கட என்று ஓடும். ஓட ஓட ஒவ்வொன்றாகக் கீழே இறங்கும்.

போன வாரம் அப்படி உட்கார்ந்திருக்கும்போது திடீரென்று சத்தமெல்லாம் நின்றது. நாற்பது தறியும் ஒரே நொடியில். நான் எழுந்திருக்கப் போனேன், போர்வையில் கைகூட வைத்துவிட்டேன். வைத்த கையை மடியில் எடுத்துக்கொண்டேன். கரண்டு போயிருக்கும், வந்தால் ஓடும் என்று சொம்பை எடுத்து இரண்டு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டு, போர்வையின் ஓரத்தை இழுத்து விட்டுக்கொண்டு, அப்படியே உட்கார்ந்திருந்தேன்.